47 எரிந்தால் என்ன அர்த்தம்?

தமிழ்நாட்டில் கம்ப்யூட்டர் படித்த யாரும் தப்பிக்க முடியாத ஒரு பிரதி இருக்கிறது. புதுமைப்பித்தனை ஒரு வரிகூடப் படிக்காமல் பொறியியல் முடித்துவிடலாம். பகா எண் கண்டுபிடிக்கும் சி புரோகிராமை எழுதாமல் முடிக்க முடியாது. லேப் ரெக்கார்டில் கோடு போட்டு, வலது பக்கம் புரோகிராம், இடது பக்கம் அவுட்புட் என்று எழுதிக் கையெழுத்து வாங்கியிருப்போம். அதன் சாரம் இவ்வளவுதான்:

ஃப்ளாக் = 0
2 முதல் ஒவ்வொரு எண்ணாக வகுத்துப் பார்; மீதி வராவிட்டால் ஃப்ளாக் = 1
ஃப்ளாக் 0 என்றால் 'பகா எண்' என்று அச்சிடு

இதை ஒரு கவிதையை வாசிப்பதுபோல நிதானமாக வாசித்துப் பாருங்கள். ஃப்ளாக் என்பது யார்? எதன் கொடி? அது ஏறினால் நல்லதா கெட்டதா? கடைசி வரியில் கொடி ஏறாமல் இருந்தால்தான் நாம் தேடிய பதில் கிடைக்கிறது. அதாவது இங்கே 'இல்லை'தான் 'ஆமாம்'. மூன்று வரி என்பதால் தலைக்குள் வைத்துக்கொள்ள முடிகிறது. இப்போது அந்த ஒரு சொல்லை மட்டும் மாற்றுவோம். ஃப்ளாக் என்ற இடத்தில் 'வகுபட்டதா' என்று போடுங்கள். கடைசி வரி 'வகுபடவில்லை என்றால் பகா எண்' என்றாகிவிடும். அட, பகா எண்ணின் வரையறையே அதுதானே! புரோகிராம் தன் காரணத்தைத் தானே சொல்ல ஆரம்பித்துவிட்டது. ஒரு லாஜிக்கும் மாறவில்லை, ஒரு நொடி வேகமும் கூடவில்லை.

இலக்கிய இதழில் இதை எதற்கு எழுதுகிறாய் என்று கேட்கலாம். காரணம் இருக்கிறது. மெஷினுக்குப் பெயர்கள் வேண்டாம். சி மாதிரி ஒரு மொழியில் கம்பைலர் முதல் வேலையாக நாம் வைத்த பெயர்களை எல்லாம் முகவரிகளாக மாற்றி, பெயரைத் தூக்கிப் போட்டுவிடுகிறது. ஒரு புரோகிராமில் முழுக்க முழுக்க மனிதருக்காகவே எழுதப்படுபவை இரண்டுதான்: கமெண்ட்டுகளும் பெயர்களும். கமெண்ட்டை யாரும் படிப்பதில்லை. ஆக, விமர்சகனுக்கு மிஞ்சுவது பெயர்.

அந்தப் பெயரை முற்றிலுமாக மறுத்து, உண்மைகளுக்கு எண் மட்டுமே போட்டுப் பல பத்தாண்டுகள் பிழைத்த ஒரு மொழி உண்டு. ஆர்பிஜி. உடனே வீடியோ கேம் ஞாபகம் வந்தால் நீங்கள் கொடுத்துவைத்தவர். இது ரிப்போர்ட் புரோகிராம் ஜெனரேட்டர். 1959-ல் ஐபிஎம் தன்னுடைய 1401 கணினிக்காகக் கொண்டுவந்தது. அதற்கு முன்பு துளை அட்டைகளை எண்ணிக் கூட்டும் டேபுலேட்டிங் இயந்திரங்களில், பலகையில் வயர் செருகி வேலை செய்துகொண்டிருந்தவர்களைக் கணினிக்குக் கூட்டிவருவதுதான் நோக்கம். அதனால் மொழியும் அந்தப் பலகையின் சாயலிலேயே பிறந்தது. எல்லாம் கட்டம் கட்டமாக இருக்கும். எந்தச் சொல் எந்தக் கட்டத்தில் விழுகிறது என்பதை வைத்துத்தான் அர்த்தம்.

அதில் 'இண்டிகேட்டர்' என்று ஒன்று. 01 முதல் 99 வரை. ஒவ்வொன்றும் ஒரு விளக்கு மாதிரி: எரியும், அல்லது அணைந்திருக்கும். கணக்கீட்டு வரியின் 9-ஆம் கட்டத்திலிருந்து 17-ஆம் கட்டம் வரை மூன்று விளக்குகளுக்கு இடம். 47 என்று எழுதினால் '47 எரிந்தால் இந்த வரியைச் செய்'. என்47 என்று எழுதினால் 'எரியாவிட்டால் செய்'. வரியின் மறு கோடியில், 54 முதல் 59 வரையிலான கட்டங்களில், இந்த வரியின் விளைவாக எந்த விளக்கு எரிய வேண்டும் என்று எழுதலாம். இடது ஓரத்தில் கேள்வி, வலது ஓரத்தில் பதில், நடுவில் வேலை. தட்டுமுட்டுச் சாமான் மாதிரி தெரிந்தாலும் அதில் ஒரு கச்சிதம் உண்டு, மறுக்க மாட்டேன்.

கவனித்தால் இன்னொன்றும் தெரியும். கடைசி அட்டை வந்துவிட்டது என்பதற்கு 'எல்ஆர்'. பக்கம் நிரம்பிவிட்டது என்பதற்கு 'ஓஎஃப்'. இவையும் இண்டிகேட்டர்கள்தான், ஆனால் எழுத்துள்ளவை. சொல்லின் சாயலாவது இருக்கிறது. இயந்திரத்துக்குத் தெரிந்த உண்மைகளுக்கு எழுத்து கொடுத்தார்கள். 'இந்த வாடிக்கையாளர் கடன் வரம்பைத் தாண்டிவிட்டார்' என்பது மாதிரி, புரோகிராம் எழுதுகிறவர் உண்டாக்கும் உண்மைகளுக்குத்தான் வெறும் எண்.

போதாததற்குத் தலைகீழ் வேறு. 'செயின்' என்ற கட்டளை ஒரு கோப்பில் ஒரு பதிவைத் தேடும். கிடைத்தால் விளக்கு எரியும் என்றுதானே நினைப்போம்? கிடைக்காவிட்டால்தான் எரியும். ஆகவே ஆர்பிஜி நிரலில் என்31 என்று பார்த்தால் '31 எரியவில்லை, அதாவது கிடைக்காமல் போகவில்லை, அதாவது கிடைத்தது' என்று மூன்று படி ஏறி இறங்க வேண்டும். நம் அலுவலகக் கடிதங்களில் 'இல்லாமல் இல்லை என்பதை மறுப்பதற்கில்லை' என்று வருமே, அந்த நடை.

இதெல்லாம் தொல்லியல் என்று நினைக்க வேண்டாம். ஐபிஎம்மின் ஏஎஸ்/400 1988-ல் வந்தது. பெயர் மாறி மாறி அதன் வாரிசு இன்றும் கிடங்குகளிலும் வங்கிகளிலும் காப்பீட்டு நிறுவனங்களிலும் ஓடிக்கொண்டிருக்கிறது. அந்த நிரல்களைப் பராமரிக்கும் வேலையில் கணிசமான பங்கு சென்னைக்கும் பெங்களூருக்கும் வந்தது. நானும் கொஞ்ச காலம் அதில் சோறு தின்றவன். ஏதோ ஒரு தேசத்து மொத்த வியாபாரியின் ஆர்டர் புரோகிராம், நாலாயிரத்துச் சொச்சம் வரிகள். எங்கள் டீமில் மூத்தவர் ஒருவர் இருந்தார். ஐம்பதைத் தாண்டியவர். ஓயெம்மார் அலுவலகத்தின் ஏசிக்கு எப்போதும் மஃப்ளர் சுற்றியிருப்பார். எண்களை அவர் சொந்தக்காரர்களின் போன் நம்பர் மாதிரி வைத்திருந்தார்.

"தம்பி, 31 எரிஞ்சா ஆளு கிரெடிட் தாண்டிட்டான்னு அர்த்தம். ஆனா இந்த சப்ரூட்டினுக்குள்ள போயிட்டா 31 வேற."

"வேறன்னா சார்?"

"உள்ள 31 எரிஞ்சா ஸ்டாக் இல்ல. வெளிய வர்றதுக்கு முன்னாடி அணைச்சிடுவான். எல்லா வழியிலயும் அணைப்பானான்னு கேக்காத."

நான் கேட்கவில்லை. வாடிக்கையாளர் தரப்பில் ஒருநாள் கேட்டார்கள். ஸ்டாக் இல்லாத ஒரு பொருளை ஆர்டர் செய்ததற்காக, நல்ல மனிதர் ஒருவரின் கணக்கைக் கடன்காரர் என்று முடக்கி வைத்திருந்தது அந்த நிரல். 31 ஒரு வீட்டில் ஏற்றிய விளக்கு. அடுத்த வீட்டில் எரிந்துகொண்டிருந்தது. அதைக் கண்டுபிடிக்க எங்களுக்கு இரண்டு நாள் ஆனது. மூத்தவருக்கு, அவர் விடுப்பு முடிந்து வந்ததும், ஒரு நிமிடம்.

இந்த ஒரு நிமிடத்தைப் பற்றித்தான் எனக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது. அவர் புத்திசாலி, அதில் சந்தேகமே இல்லை. ஆனால் அந்த நிரலின் அர்த்தம் நிரலில் இல்லை, அவரிடம் இருந்தது. மானிட்டருக்கு அடியில் செலோடேப் போட்டு ஒட்டிய ஒரு காகிதத்தில் பாதி, அவர் மண்டையில் மீதி. ஏட்டுச்சுவடியை வைத்துக்கொண்டு வெளியே காட்டாத வைத்தியர் குடும்பங்கள் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறோம். இங்கே சுவடியை யாரும் ஒளித்து வைக்கவில்லை, எல்லோருக்கும் திறந்துதான் இருந்தது. ஆனாலும் ரகசியம் காப்பாற்றப்பட்டது. புரியாமல் எழுதுவது ஒருவித வேலைப் பாதுகாப்பு என்று ஐடி வட்டாரத்தில் ஜோக் அடிப்பார்கள். மூத்தவர் அப்படித் திட்டமிட்டவர் என்று சொல்ல எனக்கு மனம் வராது. அவருக்கும் அந்த எண்களை முப்பது வருடம் முன்னால் யாரோ வாய்மொழியாகத்தான் கொடுத்திருக்கிறார்கள்.

எண் போட்டவர்களின் பக்க நியாயத்தையும் பார்த்துவிடலாம். அவர்களிடம் இடம் இல்லை. அட்டைக்கு 80 கட்டம். பழைய ஆர்பிஜியில் ஒரு பெயருக்கு அதிகபட்சம் ஆறு எழுத்து. அதைவிடப் பின்னால் போனால் இன்னும் வேடிக்கை. 1957-ல் வந்த முதல் ஃபோர்ட்ரான், ஐபிஎம் 704 என்ற கணினிக்காக எழுதப்பட்டது. அந்தக் கணினியின் முகப்பில் நிஜமாகவே நான்கு சின்ன விளக்குகள் இருந்தன, சென்ஸ் லைட் என்று பெயர். அவற்றை ஏற்றவும் சோதிக்கவும் ஃபோர்ட்ரானில் கட்டளைகளே இருந்தன. 'சென்ஸ் லைட் 3' என்று எழுதினால் மூன்றாவது விளக்கு எரியும். அது எரிகிறதா என்று கேட்டால் பதில் சொல்லிவிட்டு அணைந்துவிடும்! ஒரு உண்மையை ஒரே ஒருமுறைதான் கேட்கலாம். மொத்த உலகத்துக்கும் நான்கே நான்கு உண்மைகள். அந்த நிலையில் 'வகுபட்டதா' என்று பெயர் வைக்கச் சொல்வது, குடிசையில் இருப்பவனிடம் வாஸ்து பேசுவதுபோல.

ஆனால் அதே காலத்திலேயே வேறு மாதிரி யோசித்தவர்களும் இருந்தார்கள் என்பதால் வறுமையை மட்டும் காரணம் காட்ட முடியாது. கோபால் மொழியை 1959-ல் வடிவமைக்க ஆரம்பித்தவர்கள், வியாபாரத்தில் இருப்பவரும் வாசிக்கக்கூடியதாக நிரல் இருக்க வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தார்கள். அவர்கள் கொடுத்த ஒரு வசதி எனக்கு மிகவும் பிடித்தது. கோப்பில் மண நிலை என்ற இடத்தில் 'எம்' என்று ஒரே எழுத்து கிடக்கும். அதற்குக் கீழே, இந்த எழுத்து வந்தால் அந்த நிலைக்கு 'மணமானவர்' என்று பெயர் என ஒருமுறை அறிவித்துவிடலாம். அப்புறம் நிரல் முழுக்க 'மணமானவர் என்றால்' என்று எழுதினால் போதும். கோப்பில் இருப்பது சங்கேதம், நிரலில் இருப்பது பேச்சு. இந்த அறிவிப்பை எழுத வரியின் தொடக்கத்தில் 88 என்று போட வேண்டும். அதனால் கோபால்காரர்கள் இதை 'எய்ட்டி எய்ட்' என்றே கூப்பிடுகிறார்கள். எண்ணை ஒழிக்க வந்த வசதிக்கு எண்ணே பெயராகிப் போனதை யாரிடம் சொல்லி அழ?

இங்கே ஒரு நல்ல எதிர்வாதம் வரும். எண்ணும் பழகினால் சொல்தானே? நம் ஊரில் 'அவன் ஒரு ஃபோர் ட்வென்ட்டி' என்றால் விளக்கம் தேவையில்லை. '144 போட்டிருக்காங்க' என்றால் டீக்கடையில் கூட்டம் கலையும். '302-ல உள்ள போயிட்டான்' என்றால் கொலை. சட்டம் படிக்காதவருக்கும் தெரியும். மூத்தவருக்கு 31 எப்படியோ, நமக்கு 420 அப்படி.

நானும் இந்த வாதத்தில் கொஞ்ச நாள் மயங்கியிருந்தேன். 2024 ஜூலை 1 அன்று புதுக் குற்றவியல் சட்டங்கள் நடைமுறைக்கு வந்தன. ஏமாற்று 318-க்குப் போனது. 144 இருந்த இடத்துக்கு 163 வந்தது. கொலை 103 ஆனது. அப்படியானால் 302? அந்த எண் சும்மா இருக்கவில்லை. புதிய பாரதிய நியாய சன்ஹிதாவில் 302 என்பது ஒருவரின் மத உணர்வைப் புண்படுத்தும் நோக்கத்தோடு பேசுவது, செய்கை காட்டுவது. நேற்றுவரை கொலை, இன்று பேச்சு. பழைய வழக்குகள் பழைய எண்களிலேயே நடக்கின்றன என்பதால், ஒரே நீதிமன்றத்தில் ஒரே காலையில் 302 என்ற சொல்லுக்கு இரண்டு அர்த்தம் இருக்க முடியும். 'கொலை' என்ற சொல்லுக்கு இப்படி நேர முடியாது. நாடாளுமன்றம் கூடித் தீர்மானம் போட்டாலும் 'கொலை' என்ற தமிழ்ச் சொல்லை மத உணர்வுக்கு மாற்றிக்கொடுக்க முடியாது. எண்ணுக்கும் சொல்லுக்கும் உள்ள வித்தியாசம் இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. எண்ணுக்கு எதிர்ப்புச் சக்தி கிடையாது. யார் எதை ஏற்றினாலும் சுமக்கும். பெயர் முரண்டு பிடிக்கும். 'நான் இதற்கு வந்தவள் இல்லையே' என்று கேட்கும்.

அப்படி முரண்டு பிடிக்க ஆள் இல்லாமல் போனதன் விலை என்ன என்பதற்கு ஒரு பதிவு இருக்கிறது. அமெரிக்காவின் நைட் கேப்பிடல் என்ற பங்குத் தரகு நிறுவனம். 2012 ஆகஸ்ட் 1. நியூயார்க் பங்குச் சந்தை அன்று சில்லறை முதலீட்டாளர்களுக்கான ஒரு புதுத் திட்டத்தைத் தொடங்கியது. அதற்காக நைட் தன் மென்பொருளில் புது நிரல் எழுதியது. அந்தப் புது நிரலை இயக்க ஒரு ஃப்ளாக் வேண்டும். புதிதாக ஒன்று உண்டாக்காமல், பழைய ஃப்ளாக் ஒன்றை எடுத்துக்கொண்டார்கள். அது 'பவர் பெக்' என்ற பழைய வசதியை இயக்கிக்கொண்டிருந்த ஃப்ளாக். அந்த வசதியை 2003-க்குப் பிறகு யாரும் பயன்படுத்தவில்லை. ஆனால் அதன் நிரல் சர்வர்களில் அப்படியே கிடந்தது. பாழடைந்த வீட்டின் பூட்டை எடுத்துப் புது வீட்டுக்குப் போட்டுக்கொண்ட மாதிரி. பழைய வீட்டை இடித்துவிடுவதாகத்தான் திட்டம்.

எட்டு சர்வர்கள். ஏழில் புது நிரல் ஏறியது. எட்டாவதில் ஏற்ற விட்டுப்போயிற்று. சந்தை 9.30-க்குத் திறந்ததும் ஆர்டர்கள் அந்த ஃப்ளாக் 'ஆம்' என்ற நிலையோடு வந்தன. ஏழு சர்வருக்கு அது 'புதுத் திட்டம்'. எட்டாவது சர்வருக்கு அது 'பவர் பெக்'. பவர் பெக்கில், கேட்ட அளவு வாங்கி முடித்தாயிற்று, நிறுத்து என்று சொல்லும் பகுதியை 2005-லேயே வேறு இடத்துக்கு நகர்த்தியிருந்தார்கள். ஆகவே எட்டாவது சர்வர் நிறுத்தவில்லை. வாங்கிக்கொண்டும் விற்றுக்கொண்டும் இருந்தது. 212 சின்ன ஆர்டர்கள் 45 நிமிடத்தில் 154 நிறுவனப் பங்குகளில் 40 லட்சத்துக்கும் மேற்பட்ட பரிவர்த்தனைகள் ஆகின. நஷ்டம் 46 கோடி டாலருக்கு மேல். பதற்றத்தில் அவர்கள் செய்த இன்னொரு காரியம்தான் என்னை உறையவைத்தது: புது நிரலில்தான் கோளாறு என்று நினைத்து, சரியாக இருந்த ஏழு சர்வர்களிலிருந்தும் அதை நீக்கினார்கள். இப்போது எட்டு சர்வர்களுக்கும் அந்த ஃப்ளாக் பவர் பெக் ஆகிவிட்டது.

சந்தை திறக்கும் முன்பே அந்த அமைப்பு 97 தானியங்கி மின்னஞ்சல்களை அனுப்பியிருந்தது. அவற்றில் பவர் பெக் என்ற பெயர் இருந்தது. அமெரிக்கப் பங்கு ஒழுங்காற்று ஆணையம் 2013 அக்டோபரில் வெளியிட்ட உத்தரவில் இதெல்லாம் இருக்கிறது. 1 கோடியே 20 லட்சம் டாலர் அபராதமும் போட்டார்கள். அதற்குள் நைட் கேப்பிடல் இன்னொரு நிறுவனத்தோடு இணைந்து தன் பெயரையும் இழந்துவிட்டிருந்தது.

நல்ல பெயர் ஒன்று மட்டுமே இவர்களைக் காப்பாற்றியிருக்கும் என்று நான் சொல்லவில்லை. ஒரு சர்வரை விட்டது, செத்த நிரலைப் புதைக்காதது, மின்னஞ்சலைப் பார்க்காதது என்று காரணங்கள் வரிசை கட்டி நிற்கின்றன. ஆனால் ஒரே 'ஆம்' இரண்டு அர்த்தங்களைச் சுமந்தது என்பது அந்த வரிசையின் முதல் ஆள். 'புதுத் திட்டமா' என்று தனிப் பெயரில் ஒரு ஃப்ளாக் வந்திருந்தால், எட்டாவது சர்வர் 'எனக்குத் தெரியாதே' என்று விழித்திருக்கும். விழிப்பது எவ்வளவோ மேல்.

சரி, எண்ணை விட்டுவிட்டுப் பெயர் வைத்தாயிற்று. முடிந்ததா? இல்லை. பெயர் மாதிரி வேஷம் போட்டுக்கொண்டு வரும் எண்கள்தான் இன்று அதிகம். ஃப்ளாக்1, ஃப்ளாக்2 என்பவை எல்லோருக்கும் தெரிந்த போலிகள். அதைவிட நுட்பமான போலிக்கு ஒரு உதாரணம் காட்டுகிறேன், இதுவும் ஒரு கதைப் பிரதிதான். 'ஸோர்க்'. 1970-களின் கடைசியில் எம்ஐடி மாணவர்கள் எழுதி, இன்ஃபோகாம் நிறுவனம் விற்ற உரைவழி விளையாட்டு. படமே கிடையாது. வாக்கியம் வரும், நீங்கள் வாக்கியம் தட்ட வேண்டும், அடுத்த வாக்கியம் வரும். அதன் மூல நிரல் இப்போது யாரும் படிக்கக் கிடைக்கிறது. கதை நிகழும் உலகத்தில் எது உண்மை எது பொய் என்பதை எல்லாம் அதில் பெயர் வைத்துத்தான் எழுதியிருக்கிறார்கள். அந்த வகையில் காலத்தை மீறிய வேலை.

அதில் ஒரு ட்ரோல், கோடரியோடு வழிமறிக்கும் பூதம். அதன் அறையிலிருந்து வெளியேறும் சில வழிகளுக்கு நிபந்தனை: 'ட்ரோல்-ஃப்ளாக்' உண்மையாக இருக்க வேண்டும். இந்தப் பெயரை மட்டும் வைத்துச் சொல்லுங்கள், அது உண்மை என்றால் ட்ரோல் இருக்கிறதா, இல்லையா? நிரலைத் தேடினால், ட்ரோல் செத்தால் உண்மையாகிறது. மயங்கி விழுந்தாலும் உண்மையாகிறது. மயக்கம் தெளிந்தால் பொய்யாகிறது. சரி, 'ட்ரோல் ஒழிந்ததா' என்று அர்த்தம் போல என்று முடிவுக்கு வரும்போது மூன்றாவது இடம் கண்ணில் படும். விளையாட்டின் ஒரு கட்டத்துக்குப் பிறகு நீங்கள் செத்தால் ஆவியாக அலைய வேண்டும். நீங்கள் ஆவியானதும் நிரல் ட்ரோல்-ஃப்ளாக்கை உண்மை என்று ஆக்கிவிடுகிறது! ட்ரோலுக்கு ஒன்றும் ஆகவில்லை; கோடரியோடு அங்கேயேதான் நிற்கிறது. செத்தது நீங்கள். ஆவியை அதனால் மறிக்க முடியாது, அவ்வளவுதான். ஆக, அந்த ஃப்ளாக் ட்ரோலைப் பற்றியதே இல்லை. 'வழி திறந்திருக்கிறதா' என்பதுதான் அதன் உண்மையான பெயர். எழுதியவர்கள் வழியைப் பார்க்க வேண்டிய இடத்தில் பூதத்தைப் பார்த்துவிட்டார்கள்.

அதே விளையாட்டில் ஓர் அணை வருகிறது (அதற்குப் பெயர் 'வெள்ளக் கட்டுப்பாட்டு அணை எண் 3', கிண்டல்தான்). அணையைத் திறக்கிற நிரலில் 'கேட்-ஃப்ளாக்' என்று ஒன்று, 'கேட்ஸ்-ஓபன்' என்று இன்னொன்று. முதலாவது, மஞ்சள் பொத்தானை அழுத்தியதால் திருகைத் திருப்ப முடியும் என்ற நிலை. இரண்டாவது, மதகு திறந்திருக்கிறது என்ற நிலை. இரண்டாவது பெயரைக் குழந்தைகூடப் புரிந்துகொள்ளும், ஏனென்றால் அது ஒரு வாக்கியம்: மதகுகள் திறந்துள்ளன. முதலாவது வெறும் ஊர்ப்பெயர். மதகு சம்பந்தப்பட்ட ஏதோ ஒன்று. என்ன என்று கேட்டால் பதில் இல்லை. ஃப்ளாக் என்ற சொல் எங்கே வந்தாலும் எழுதியவர் பாதி வழியில் யோசிப்பதை நிறுத்திவிட்டார் என்று எடுத்துக்கொள்ளலாம் என்பது என் கட்சி. எதைப் பற்றியது என்பது மட்டும் இருக்கும், என்ன ஆயிற்று என்பது இருக்காது. எழுவாய் உண்டு, பயனிலை இல்லை.

பயனிலை என்றதும் தமிழுக்கு வந்துவிடலாம். பைத்தான் 3-ல் மாறிகளுக்குத் தமிழிலேயே பெயர் வைக்கலாம். 'எழில்' என்று ஒரு தமிழ் நிரல்மொழியே இருக்கிறது. அதில் 'ஆனால்' என்பது நிபந்தனைக்குப் பின்னால்தான் வரும், நாம் பேசுகிற மாதிரியே. வேலையிடத்தில் யாரும் தமிழில் மாறிப்பெயர் வைக்கப் போவதில்லை, தெரியும். ஆனால் ஆங்கிலத்தில் வைப்பதற்கு முன்னால் ஒருமுறை தமிழில் சொல்லிப் பார்ப்பது நல்ல சோதனை என்று கண்டிருக்கிறேன். ஆங்கிலக்காரர்கள் ஆமாம்-இல்லை மாறி என்று காட்டப் பெயருக்கு முன்னால் 'இஸ்', 'ஹாஸ்' என்று ஒட்டுகிறார்கள். நமக்கு ஒரே எழுத்து, கடைசியில் ஓர் ஆகாரம். வந்தான் - வந்தானா. கட்டியாச்சு - கட்டியாச்சா. ஒட்டிப் பார்த்தால் பெயர் தேறுமா என்று உடனே தெரிந்துவிடும். 'பணம் கட்டியாச்சா?' தேறுகிறது. 'பேமெண்ட் ஸ்டேட்டஸா?' என்று எந்த மனிதனும் கேட்க மாட்டான்.

நம்மிடம் இன்னொரு நல்ல வழக்கமும் இருந்திருக்கிறது. குறுந்தொகையைத் தொகுத்தவர்களுக்குச் சில புலவர்களின் பெயர் தெரியவில்லை. எண் போட்டுவிட்டுப் போகவில்லை. பாட்டுக்குள் எது மறக்க முடியாததோ அதையே எடுத்துப் பெயராக வைத்தார்கள்: செம்புலப்பெயனீரார், அணிலாடு முன்றிலார், மீனெறி தூண்டிலார், விட்ட குதிரையார். 40-ஆம் பாட்டு எது என்று கேட்டால் பேராசிரியர்கள்கூடப் பக்கம் புரட்டலாம். செம்புலப்பெயனீரார் என்றால் சினிமாப் பாட்டு மட்டும் கேட்டவருக்கும் மழை பெய்துவிடும்.

ஆர்பிஜியே கடைசியில் மனம் மாறியது. 1990-களில் வந்த அதன் புதிய வடிவம், அடுத்தடுத்த வெளியீடுகளில் பெயருள்ள இண்டிகேட்டர்களை அனுமதித்தது. திரையில் இருக்கும் 99 விளக்குகளுக்கும் ஒரே இடத்தில் ஒருமுறை பெயர் சூட்டிவிட்டு, அப்புறம் எண்ணையே தொடாமல் எழுதலாம். 'கிடைத்ததா' என்று நேராகக் கேட்கும் வசதியும் வந்தது. கிடைத்தால் ஆம், கிடைக்காவிட்டால் இல்லை. நாங்கள் பராமரித்த நிரலில் அந்த வசதிகள் எல்லாம் பத்து வருடமாகக் கையெட்டும் தூரத்தில் இருந்தன. யாரும் மாற்றவில்லை. மாற்றச் சொன்னால் 'ஓடிட்டிருக்கிறதை எதுக்கு நோண்டணும்' என்பார்கள். மாற்றுவதற்கான மணிக்கணக்கை வாடிக்கையாளரிடம் எந்தத் தலைப்பில் வசூலிப்பது என்பதும் ஒரு பிரச்சினை.

பெயர் வைப்பதால் வரும் ஒரு தொல்லையைச் சொல்லியாக வேண்டும். எண் இருந்தவரை தெரியாத குழப்பங்கள் பெயர் வைத்ததும் வெளியே தெரியும். இணையத்தில் பொருள் விற்கும் ஒரு நிரலில் ஒரு ஆர்டருக்கு மூன்று கேள்வி வைத்திருக்கிறார்கள் என்று கொள்ளுங்கள்: பணம் கட்டியாச்சா, அனுப்பியாச்சா, ரத்தாச்சா. மூன்றும் நல்ல பெயர்கள், வாக்கியமாகத் தேறுகின்றன. ஆனால் மூன்று ஆமாம்-இல்லை சேர்ந்தால் எட்டு நிலை. எட்டில் சிலவற்றுக்கு உலகத்தில் இடமே இல்லை. சிலவற்றுக்கு இடம் இருக்கிறது, ஆனால் நிரலில் சொல் இல்லை. அனுப்பியும் ஆச்சு, ரத்தும் ஆச்சு என்றால் அந்தப் பொட்டலம் இப்போது எங்கே இருக்கிறது? ஃப்ளாக்2, ஃப்ளாக்3 என்று இருந்தபோது இந்தக் கேள்வி யாருக்கும் தோன்றியிருக்காது. பெயர் வைத்தவுடன் இரண்டு வாக்கியங்களும் பக்கத்தில் பக்கத்தில் நின்று முறைத்துக்கொள்கின்றன. அப்போது நான்காவதாக ஒரு ஃப்ளாக் சேர்ப்பது முட்டாள்தனம். அந்த நிலைக்கு உரிய சொல் என்ன என்று வெளியே போய்க் கேட்க வேண்டும். மென்பொருள் எழுதுகிறவருக்குத் தெரியாமல் இருக்கலாம். பைக்கில் பெரிய பையோடு அதை வாசல்வரை கொண்டுபோய்த் திரும்பத் தூக்கிவருகிறவர்களிடம் அதற்கு ஏற்கெனவே ஒரு சொல் இருக்கிறது. 'ஆர்டிஓ' என்பார்கள்.